பேசாத விருந்தில் ஒரு நீலத் தட்டு

வில்லோ ஃபோர்க், ஓஹையோ
நவம்பர் 1

அன்பு மருமகள் டான்சிக்கு,

ஓஹையோவின் கோழிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தியும், இந்த மாவட்டத்தின் நிகரற்ற குறட்டை வித்வானுமாகிய உன் டெல்மர் மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வலது முழங்காலும் சௌக்கியம். இடது முழங்கால் தனிக்கட்சி ஆரம்பித்துவிட்டது. நீ அலாஸ்காவில் உறைந்து சிலையாகிவிடாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போன் செய்தால் எடுப்பதில்லை. ஆகவே ராஜமுத்திரையோடு இந்தக் கடிதம்.

உன் அம்மா கார்லீன் ஜெயித்துவிட்டாள். மாவட்ட மன்றக் கூட்டத்தைப் பாதிரிமார் மட்டுமே ஜெபம் சொல்லித் தொடங்கலாம், இயற்கையைக் கும்பிடும் விக்கா மதத்துப் பூசாரி சொல்லக் கூடாது என்ற தடையை நீதிமன்றம் தூக்கி எறிந்தது. அடுத்த கூட்டத்தின் ஜெபம் கார்லீனுடையது. தீர்ப்பைக் கேட்டு நான் போட்ட கூச்சலில் இந்தியானாவில் பாலங்கள் இடிந்தன. உன் அம்மாவோ காரில் ஏறி, "சீட்டைக் கொஞ்சம் சாய்ச்சு விடு அண்ணே" என்றாள். வீடு வரும்வரை தூங்கினாள்.

மறுநாள் கடையில் மன்றத் தலைவர் வெண்டல் ஹப்பர்ட், "என்ன சூனியக்காரியம்மா, அன்னைக்கு விளக்குமாத்துல வர்றீங்களா, கார்லயா? நிறுத்த இடம் ஒதுக்கணுமே" என்றார். பழைய கார்லீனாக இருந்தால் அவருடைய மூன்று தலைமுறையும் கூனிப்போகும்படி பதில் வந்திருக்கும். இவள் உருளைக்கிழங்கைப் பொறுக்கிக்கொண்டே, "கார்லதான் வெண்டல். விளக்குமாறு ஒடஞ்சிருச்சு" என்றாள். சிரிக்கக்கூட இல்லை.

நேற்று சாம்ஹெயின், செத்தவர்கள் வந்துபோகும் இரவு. வழக்கம்போல் செத்தவர்களுக்குத் தட்டு வைத்துப் பேசாமல் உண்ணும் விருந்து. வாய் திறக்காமல் சாப்பிடுவது எனக்கு மலையை முதுகில் கட்டிக்கொண்டு ஏரி நீந்துவதைப் போன்றது என்று உனக்குத் தெரியும். விருந்துக்கு முன் பூஜைக்கான வட்டம் போட்டார்கள். வாசலில் உன் அம்மாவின் சிஷ்யை லொரெட்டா நின்று ஒவ்வொருவரையும், எப்படி உள்ளே வருகிறாய் என்று கேட்டாள். முழு அன்போடும் முழு நம்பிக்கையோடும் என்று சொன்னால்தானே வழி? மனதில் கோபமிருந்தால் வெளியேதான். உன் அம்மாவின் முறை வந்தது. கேள்வியைக் கேட்டதும் திரும்பிவிட்டாள். பிறகு சமையலறைக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பூசாரியே வெளியே!

உள்ளே மேசையைப் பார்த்தேன். தாத்தாவுக்கு ஒரு தட்டு, உன் அப்பாவுக்கு ஒரு தட்டு. அவற்றின் பக்கத்தில் சோள ரொட்டியோடு உன் நீலத் தட்டு. டான்சி, உயிரோடிருக்கும் உனக்குச் செத்தவர்கள் வரிசையில் தட்டு! ஒருவரும் பேசக் கூடாது, ஆகவே ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் பூசணிப் பணியாரத்தை மென்றபடி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விருந்து முடிந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன். "கை தானா வச்சிருச்சு அண்ணே. நான் பார்க்கவே இல்ல" என்றாள்.

ஹப்பர்ட் மேல் அவ்வளவு கோபமா என்றேன்.

"அவன் மேல எனக்கென்ன கோபம்? எல்லாம் என் மேலதான். ஊரெல்லாம் நின்னு நியாயம் கேட்டேன். டான்சியோட ஸ்கூல் லாக்கர்ல 'சூனியக்காரி பொண்ணு'ன்னு பெயிண்ட் அடிச்ச அன்னைக்கு நான் கோர்ட்ல இருந்தேன். அவளே கழுவிட்டு வந்து, ஒண்ணும் இல்லம்மான்னு சொன்னா. நானும் நம்பிட்டேன் பாரு."

மன்றத்திலும் ஜெபம் சொல்லப்போவதில்லை என்கிறாள். மனதுக்குள் வட்டம் போடாமல் அவளுக்கு ஜெபம் வராது. இந்தக் கோபத்தோடு வட்டமும் வராதாம். லொரெட்டா கெஞ்சிப் பார்த்தாள்: "தீர்ப்பு உன் பேர்லக்கா. நீ நிக்கலைன்னா, வாங்கினதை வச்சுக்கத் தெரியலைன்னு சிரிப்பாங்க." உன் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள்.

நீ அவளை மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்க இந்தச் சக்கரவர்த்திக்கு அதிகாரம் கிடையாது. பதினான்காம் தேதி மன்றக் கூட்டத்தில் கடைசி வரிசையில் வந்து உட்கார். சூயிங்கம் மெல்லு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள். பேசாமல் கூட இரு, எங்களுக்குப் பழக்கம்தான்.

இன்னொன்று. விடிந்ததும் செத்தவர்களின் சாப்பாட்டை ஆப்பிள் மரத்தடியில் வைப்பது வழக்கமல்லவா? இன்று காலை ஜன்னலிலிருந்து பார்த்தேன். உன் அம்மா தாத்தாவுடையதை வைத்தாள், உன் அப்பாவுடையதை வைத்தாள். நீலத் தட்டை மட்டும் திரும்ப உள்ளே கொண்டுவந்து, ரொட்டியைத் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தாள்.

உலகத்தில் எதையும் விட்டுவைக்காத உன் மாமா அதைத் தொடவில்லை. காய்வதற்குள் வா, கண்ணு. நீ வரும் வழியில் பனி விலகி நிற்கட்டும்.

உன்
டெல்மர் மாமா