தள்ளு என்று கத்தினேன்

அல்சூர், பெங்களூர், 15 மார்ச் 1959, ஞாயிறு

பசவராஜுவை அறைந்த கை இன்னும் எரிகிறது.

பக்கத்து வீட்டுக்காரன். என் வீட்டு முற்றத்தில் என்னோடு சேர்ந்து மோட்டார் ரம்ப மேஜையைப் பொருத்தியவன். இன்று முதல் பலகையை அவன்தான் விட்டான். பாதியில் அது ரம்பத்தில் இறுகிக்கொண்டது. மோட்டார் உறுமியது. பலகை திருப்பி அடிக்கும் என்று தெரிந்தது. அவனோ அதற்கு நேரே நின்றான். சுவிட்சுக்கு ஓடிக்கொண்டே, "தள்ளு! தள்ளு!" என்று கத்தினேன்.

அவன் பலகையை முழு பலத்தோடு முன்னால் அழுத்தினான். அது பின்னோக்கி எகிறி, அவன் காதைக் கிழித்து, அவனுக்குப் பின்னால் இருந்த சமையலறைக் கதவைப் பிளந்தது. என் மனைவி கமலா உள்ளே அலறினாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகுதான் எனக்கு வெறி ஏறியது. ரத்தம் வழிய நின்றவனின் சட்டையைப் பிடித்து அறைந்தேன்.

"தொண்டை கிழியக் கத்துனேனே, காதுல விழலியாடா?"

"விழுந்துச்சுண்ணா. அதுக்குத்தானே தள்ளினேன்?"

அவன் கன்னடத்தில் அந்தச் சொல்லுக்கு 'விலகு' என்ற அர்த்தமே கிடையாது.

கன்னம் ஏன் வீங்கியிருக்கிறது என்று அவன் மனைவி கேட்பது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கிறது. பலகை பட்டது என்கிறான்.