சாம்பல் கழுத்துக் காக்கைகள்

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் கவிதா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்பா போன பிறகு வந்த முதல் அமாவாசைக்கு மலைக்கு வர எனக்கு லீவு கிடைக்கவில்லை அல்லவா? அதனால் ஹாஸ்டல் மொட்டைமாடியிலேயே இலை போட்டுச் சோறு வைத்தேன். சென்னைக் காக்கைகள் உடனே வந்துவிட்டன. ஆனால் எல்லாவற்றுக்கும் கழுத்து சாம்பல் நிறம். நம் வீட்டுக் கூரைக்கு வருவது முழுக்கக் கறுத்த அண்டங்காக்கைதானே? இவை வேறு யார் வீட்டுப் பெரியவர்களோ என்று துண்டை வீசி விரட்டிக்கொண்டே இருந்தேன்.

ஹாஸ்டலில் சமைக்கும் சுகுணாக்காவுக்கு நம் மலை அடிவாரத்துச் சேந்தமங்கலம்தான் ஊர். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "ஏங்கண்ணு, அடிவாரத்துல எங்கப்பாவுக்கு வெச்சா இதுதான் வந்து திங்குது. உங்கப்பா மலையிலிருந்து அத்தன தூரம் வரணுமா? இங்க இருக்கறத அனுப்பியிருப்பாரு. நீயும் பசியோட நிக்கறே, விடு சாமி."

விட்டேன். அவை தின்றுகொண்டிருக்கும்போதே ஓர் அண்டங்காக்கை வந்து இறங்கியது. சாம்பல் கழுத்துக்காரர்கள் எல்லாம் சேர்ந்து அதைத் துரத்தினார்கள். அது போகவில்லை; தண்ணீர்த் தொட்டி மேல் தனியாக உட்கார்ந்திருந்தது. ஒரு பிடிச் சோற்றை அங்கே கொண்டுபோய் வைத்தேன். கிளறிப் பார்த்ததே தவிர, தின்னவில்லை.

சோளக்காடு ஊர்க்காரர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் சாமையரிசி கொடுத்துவிடுங்கள். இந்த ஊர்ச் சோறு அதற்கு இறங்கவில்லை. எனக்கும்தான்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

கவிதா