சித்தியின் குரலில் புன்னகை இல்லை

அன்பு மகன் பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் உயிரோடும் ஓரளவுக்கு உடம்போடும் இருக்கிறோம், உனக்கு அங்கே இரண்டும் முழுசாக இருக்கும் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். அப்பாவுக்கு டயாலிசிஸ் வழக்கம்போல நடக்கிறது, போய்விட்டு வந்தால் அன்று முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார், மறுநாள் எழுந்து என் சமையலில் குறை சொல்கிறார், குறை சொல்கிற நாளில் எனக்கு நிம்மதி. உன் தங்கை மறுபடியும் மூக்குக்கண்ணாடியின் மேல் உட்கார்ந்து உடைத்துவிட்டாள். போன வாரம் நீ போனில், சித்தி ஏன் வேலையை விட்டாள், நீங்கள் இரண்டு பேரும் ஏன் ஒருத்தி பெயரை ஒருத்தி எடுப்பதில்லை என்று கேட்டாய். நான் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. இதைப் போனில் சொல்ல எனக்கு முடியாதப்பா, போனில் பேச ஆரம்பித்தால் என்னிடமிருந்து ஆபீஸ் குரல்தான் வருகிறது, அதை நானே நம்புவதில்லை. அதனால் எழுதுகிறேன். படித்து முடித்துவிட்டு என்னைத் திட்டு, பாதியில் திட்டாதே.

எங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியும். அங்கே வேலை என்று சொன்னால் வீட்டுக்காரர் வாடகைக்கு வீடு தருவார், பெண் கேட்டு நல்ல இடத்திலிருந்து வருவார்கள். கட்டடம் முழுக்க ஏசி, வாசலுக்கே பஸ், கேண்டீனில் சாப்பாடு, மாதம் பிறந்தால் சம்பளம். எல்லாவற்றுக்கும் மேலே குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு. அப்பா உயிரோடு இருப்பது என் சம்பளத்தால் இல்லை, அந்தக் காப்பீட்டால்தான். உன் சித்தியை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான், சில வருஷம் முன்னால் சித்தப்பாவுக்குச் சர்க்கரை முற்றி, காலில் முதல் தடவை புண் வந்து ஆறாமல் இருந்தபோது. எனக்குப் பக்கத்து நாற்காலியே அவளுக்குக் கிடைத்தது. அக்காவும் தங்கையும் ஒரே வரிசையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பணம் வராது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம். எங்கள் பிரிவின் வேலை அதுதான். பணம் வரும் என்றால் கடிதம் போகும், வராது என்றால் நாங்கள் கூப்பிட்டுச் சொல்வோம், அதைக் கேட்டுக் கூப்பிடுகிறவர்களுக்கும் நாங்கள்தான் பதில் சொல்வோம். சொல்லும்போது குரலில் புன்னகை இருக்க வேண்டும். இருக்கிறதா என்று இன்னொரு அறையில் உட்கார்ந்து கேட்டு மதிப்பெண் போடுவார்கள். கடைசியில், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

இந்த வருஷம் புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். தூங்கும்போதுகூடப் பல் தெரியும் போலிருக்கிறது என்று பியூன் சொல்லப்போய், அவருக்குப் பல்லழகர் என்று பெயர் விழுந்துவிட்டது. வந்த புதிதில் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்தார். இந்தக் கம்பெனியில் உங்களுக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன, மனசு விட்டுச் சொல்லுங்கள், வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். பழம் தின்று கொட்டை போட்டவர்கள் நாங்கள், எங்களுக்கா தெரியாது. ஒருத்தர் ஏசி பிடிக்கும் என்றார். இன்னொருத்தர் பஸ் பிடிக்கும் என்றார். பிடிக்காதது என்ன என்றதற்குக் கணக்குப் பிரிவு அண்ணன், ஞாயிற்றுக்கிழமை லீவு விடுவதுதான் சார் பிடிக்கவில்லை, வீட்டில் உட்கார முடியவில்லை என்றார், எல்லோரும் சிரித்தோம். நான் கேண்டீன் டீயில் சர்க்கரை அதிகம் என்றேன். என் முறை முடிந்ததும் உன் சித்தி முறை. மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

“புருஷன் செத்தவகிட்ட சிரிச்ச குரல்ல பணம் வராதுன்னு சொல்லச் சொல்றீங்க சார். சொல்லி முடிச்சதும் வேற ஏதாவது உதவி வேணுமான்னு கேக்கச் சொல்றீங்க. போன வாரம் ஒரு அம்மா, ஆமா, அவரைத் திருப்பிக் குடுன்னு கேட்டாங்க. எனக்கு அது பிடிக்கல.” சத்தமே போடாமல், தண்ணீர் கேட்கிற மாதிரித்தான் சொன்னாள். பல்லழகர் எழுந்து நின்று கைதட்டினார். இப்படி ஒரு ஆள் வேண்டும் நமக்கு என்றார். நாங்களும் தட்டினோம். வரும்போது பஸ்ஸில் உன் சித்தி, பார்த்தியா அக்கா, நீ பயந்து செத்தியே என்று என் தோளில் இடித்தாள்.

மறு வாரமே அவளுடைய இடம் கழிப்பறைக் கதவுக்கு எதிரே போய்விட்டது. அதோடு அவளுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் சாவு அழைப்புகள் ஆகிவிட்டன, அதுவும் பணம் இல்லை என்று முடிவானவை மட்டும். மற்றவர்களுக்குக் கார் இடித்தது, மழையில் கூரை போனது என்று கலந்து வரும், அவளுக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை விதவைகளும் பிள்ளையை இழந்தவர்களும்தான். உங்களுக்குத்தான் அவர்கள் மேல் அக்கறை அதிகம் என்று பல்லழகர் பல்லைக் காட்டினார். கேண்டீனில் அவளுக்கு எமகண்டம் என்று பெயர் வைத்தார்கள். எமகண்டம் வருது, சீக்கிரம் சாப்பிட்டு எழுந்திருங்க என்பார்கள், அவள் தட்டோடு வந்து உட்காரும்போது மேசை காலியாகிவிடும். வைத்தது யார் தெரியுமா, எந்தப் பெண்ணின் இரண்டு பிரசவத்துக்கும் உன் சித்தி தன் லீவை விட்டுக்கொடுத்தாளோ அந்தப் பெண். நான் அவளோடுதான் சாப்பிட்டேன், முதலில். அப்புறம் எனக்குச் சாப்பாட்டு நேரத்தை மாற்றினார்கள். மாற்றியதை நான் ஏன் என்று கேட்கவில்லை.

ஒருநாள் ஒரு பெண்ணிடம் உன் சித்தி புன்னகையை விட்டுவிட்டாள். அழுதேவிட்டாள். அழுதுகொண்டே, விட்றாதீங்கம்மா, மேல எழுதிக் கேளுங்க, கோர்ட்டுக்குப் போனா இவங்க குடுத்துடுவாங்க என்று சொல்லிவிட்டாள். அந்தப் பதிவை மறுநாள் தளம் முழுக்க ஒலிபெருக்கியில் போட்டார்கள். அவளை நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, இது ஒரு விளையாட்டு, இதில் தவறு கண்டுபிடிக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு சாக்லேட் என்றார் பல்லழகர். முதலில் யாரும் கை தூக்கவில்லை. பிறகு ஒரு பையன் தூக்கினான். அப்புறம் பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிட்டது. மூக்கை உறிஞ்சினார்கள் சார். அம்மா என்று கூப்பிட்டார்கள் சார், மேடம் என்று சொல்ல வேண்டும். கோர்ட் என்ற வார்த்தை வந்தது சார். அவள் ஒவ்வொருவர் முகத்தையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் என் பக்கம் வந்தார். அக்காவுக்குத் தெரியாததா, நீங்கள் சொல்லுங்கள் என்றார். இருப்பதிலேயே சின்னத் தவறாகத் தேடி, ஆரம்பத்தில் வணக்கம் சொல்லவில்லை என்றேன். சாக்லேட்டை என் கையில் வைத்துவிட்டு அவர் நகரவில்லை, நான் பிரித்து வாயில் போடும் வரை நின்றார். போட்டுக்கொண்டேன். அப்பாவுக்கு மறுநாள் டயாலிசிஸ், பெரியவனே. நீ அங்கே இருந்திருந்தால் துப்பியிருப்பாய். துப்ப முடிகிற நாட்டுக்கு உன்னைப் படிக்க வைத்து அனுப்பியிருக்கிறேன், அது போதும்.

அன்று மத்தியானமே வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவள் போய்விட்டாள். அந்த நிமிஷமே அவள் குடும்பத்தின் காப்பீடும் போய்விட்டது. சித்தப்பாவின் காலில் அடைத்த ரத்தக்குழாயைத் திறக்க நல்ல ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருந்தார்கள், காப்பீடு செல்லாது என்று அங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் கம்பெனிக்குப் போன் செய்தாள். அத்தனை பேர் இருக்கிற தளத்தில் அந்த அழைப்பு எனக்கு வந்தது. வணக்கம் சொன்னேன். திரையில் அவள் எண் தெரிந்தது, என் குரலை அவளும் கண்டுகொண்டிருப்பாள். சொந்தக்காரர் என்றால் வேறு ஆளுக்கு மாற்றலாம் என்று விதி இருக்கிறது. நான் மாற்றவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, எமகண்டம் என்று பெயர் வைத்தவளிடம் அவள் மாட்டக் கூடாது என்று நினைத்தேனா, அழைப்பை மாற்றினால் குறையும் என்று என் மதிப்பெண்ணைக் காப்பாற்றிக்கொண்டேனா. அவள் தன் பெயரையும் பழைய ஊழியர் எண்ணையும் சொன்னாள். சொல்லுங்க மேடம் என்றேன். “என் வீட்டுக்காரருக்குக் கால் ஆபரேஷன். தேதி நான் வேலைல இருக்கும்போதே குறிச்சது. ஏதாவது வழி இருக்கா, மேடம்?” கூடப்பிறந்தவள் என்னை மேடம் என்றாள். பதிவாகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். வருந்துகிறோம், பணி முடிந்த நாளோடு காப்பீடும் முடிந்துவிடுகிறது என்றேன், குரலில் புன்னகையோடு. வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றேன். இல்லைங்க, நன்றி என்றாள். முடிந்ததும் எங்கள் சேவைக்கு மதிப்பெண் கேட்கும் இயந்திரம் வரும், தெரியுமா. அவள் முழு மதிப்பெண் அழுத்தியிருந்தாள்.

உள்ளே கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நாங்கள் யார் என்று தெரியும். அதனால்தான் அந்தப் பதிவைப் பொறுக்கி எடுத்தார்கள். சொந்தத் தங்கையிடமே எப்படிப் பேசியிருக்கிறார் பாருங்கள், இதுதான் தொழில் என்று பல்லழகர் புதிதாக வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறார். என்னைப் பயிற்சி கொடுக்கிறவளாக ஆக்கிவிட்டார்கள். ஆமாம், உன்னிடம் பதவி உயர்வு என்று சொன்னேனே, அது இதுதான். ஒவ்வொரு புது அணிக்கும் அவள் குரல் ஒலிக்கும்போது நான் பக்கத்தில் நின்று, எங்கே நிறுத்தினேன், எங்கே மென்மையாக்கினேன் என்று விளக்க வேண்டும்.

சித்தப்பா அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் காத்திருந்தார். குழாயைத் திறக்கிற கட்டம் தாண்டிவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபிறகு பார்க்கப் போனேன். கதவைச் சாத்துவாள், இல்லை கத்துவாள், கத்தினால் வாங்கிக்கொள்ளலாம் என்று போனேன். அவள் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். சித்தப்பா தூங்கிக்கொண்டிருந்தார், போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். அவள், “நீ நல்லாப் பேசினக்கா. நானும் எத்தனையோ தடவ மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துட்டேன். ஒரு தப்புகூட கண்டுபிடிக்க முடியல” என்றாள். கிண்டல் இல்லை பெரியவனே, எனக்குக் கிண்டல் தெரியும். உண்மையாகவே தேடிப் பார்த்திருக்கிறாள். தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அப்புறம் போகவில்லை.

வேலையை விட்டுவிடு, அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நீ சொல்வாய், எனக்குத் தெரியும். உனக்கே அங்கே இன்னும் கால் ஊன்றவில்லை. நான் விட மாட்டேன். என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு அப்பா சாவதைவிட, கெட்டவள் என்று நினைத்துக்கொண்டு நீ தூர இருப்பது எனக்குத் தேவலை. வெயிலோ குளிரோ, வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே. தலைக்கு எண்ணெய் வை.

ஒரு காரியம் மட்டும் மறக்காமல் செய். சித்தப்பாவுக்குச் செயற்கைக் கால் வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அங்கே இலேசான நல்ல கால் கிடைக்கும் என்கிறார்கள். இந்தக் கடிதத்தோடு அளவு வைத்திருக்கிறேன், ஆஸ்பத்திரியில் அளவெடுத்தவரிடம் கெஞ்சி வாங்கியது. நீயாகக் கேள்விப்பட்டு நீயாக அனுப்புகிற மாதிரி அனுப்பு. சித்தி உன்னைத் தூக்கி வளர்த்தவள், உன் கையிலிருந்து வந்தால் வாங்கிக்கொள்வாள். என் பெயர் அதில் எங்கேயும் இருக்கக் கூடாது. அளவு எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்டால், நன்றாகப் பொய் சொல்லு. உனக்கு வராது. பழகிக்கொள்.

நூறு வயது நன்றாக இரு, யாரிடமும் கை கட்டி நிற்காமல் இரு.

உன்னைப் பெற்ற,
அம்மா