செங்கமலம் ஏன் சாவியைத் திருப்பி வைத்தாள்?

மாடியில் குடியிருக்கும் பெண்கள் இன்று சாயங்காலம் படிக்கட்டில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். நர்சிங் படிக்கிற பிள்ளைகள். முதலில் ஏதோ காதல் விவகாரம் என்று நினைத்து நான் காதை இந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் ஒருத்தி சொன்னது தெளிவாக விழுந்தது. "கத்தி அவ கையிலதான இருந்துச்சு? குத்தவேண்டியதுதான? ஏன்டி சும்மா விட்டா?" இன்னொருத்தி, "ஒனக்கு அவளைப் புரியலடி" என்றாள். டெலிவிஷனில் வாராவாரம் வருகிற மாயாஜாலத் தொடராம். நெருப்பு கக்கும் பறவை, பேசும் மலை, ஒரு ராணி. அந்த ராணி செய்யாமல் விட்டதற்குத்தான் இத்தனை கூச்சல்.

எனக்கு அடுப்பில் பால் இருந்தது. அது பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் கதவோரம் நின்று கேட்டேன். நீயாக இருந்தால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியேறி, "தள்ளி உக்காருங்கடி" என்று நடுவில் போய் உட்கார்ந்திருப்பாய். எனக்கு அந்தத் துணிச்சலும் கிடையாது, அதற்கான முழங்காலும் கிடையாது. அடுப்பைத் துடைத்தேன். மிச்சப் பாலை ஒற்றைத் தம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசி ரொம்ப நாளாயிற்று. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்த நேரம். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் நாம் இரண்டு பேரும் நர்சுகள். நான் குளத்தூர்ப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பெண். கட்டியவன் சீக்கிரமே போய்ச் சேர்ந்ததால் இந்தப் படிப்புக்கு வந்தவள். நீ ஆவூர்ப் பக்கத்திலிருந்து வந்தாய். தாய் தகப்பன் இல்லாமல் சித்தப்பா வீட்டில் வளர்ந்தவள். கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஊருக்குப் போவாய், அதுவும் போன வேகத்தில் திரும்பி வந்துவிடுவாய். சாப்பாடு சரியில்லை என்று சொல்வாய். நானும் அதை நம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் திருச்சி பஸ்ஸில் வாரப் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கும். காசு கொடுத்து வாங்குவது நான், பிரித்து வாசிப்பது நீ. டாக்டர் ரவுண்டு முடிந்து, கஞ்சி குடித்து முடிந்து, பார்க்க வருகிறவர்கள் வருவதற்கு முன்னால் வார்டு கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும். அப்போது நடுக்கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து தொடர்கதையை உரக்க வாசிப்பாய். நான் ஊசி கொதிக்கவைக்கிற சாக்கில் மூலையில் நிற்பேன். வீட்டுக்குப் போன நோயாளிகள்கூட வெள்ளிக்கிழமையானால் கட்டு மாற்றவேண்டும் என்று வந்து நிற்பார்கள். புண் எப்போதோ ஆறியிருக்கும். ஆறின புண்ணுக்கு நீயும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு புதுக் கட்டுப் போட்டு விடுவாய்.

கதை உனக்கு மறந்திருக்காது. ஆனாலும் சொல்கிறேன், சொல்ல ஆசையாக இருக்கிறது. மலை உச்சிக் கோட்டையில் ஒரு மந்திரவாதி. பாடத் தெரிந்த பெண்களைத் தூக்கி வந்து அடைத்து, அவர்களுடைய குரலைக் குடித்து இளமையாக இருப்பவன். அடைபட்ட பெண்களுக்குச் சோறு பொங்கிப் போடுகிறவள் செங்கமலம். சின்னப் பிள்ளையாகப் பிடித்து வரப்பட்டவள், குரலை முதலிலேயே பறிகொடுத்தவள். ஊமை என்பதால் அவளைப் பற்றி அவனுக்குப் பயமில்லை. அவன் அமாவாசையன்று ஒரு நாழிகை மட்டும் கட்டையாகத் தூங்குவான். கோட்டைச் சாவி அவன் இடுப்பில் இருக்கும். ஒரு வாரம், செங்கமலம் அந்தச் சாவியை உருவிக்கொண்டு கதவுவரை வந்துவிட்டாள். அங்கே 'தொடரும்' போட்டுவிட்டார்கள். வார்டே உன்னைப் பிடித்துத் தின்றது.

அடுத்த வெள்ளிக்கிழமை பேய்மழை. திருச்சிப் பக்கமிருந்து பஸ் வரவில்லை. பத்திரிகை வராது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். உனக்கு அது எப்படி முடியும்? அந்த மழையிலும் பழைய நோயாளிகள் நனைந்துகொண்டு கட்டு மாற்ற வந்து உட்கார்ந்திருந்தார்கள். அலமாரியிலிருந்து ஏதோ ஒரு பழைய பத்திரிகையை எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டு, கண் இமைக்காமல் வாசித்தாய். செங்கமலம் கதவைத் திறந்தாள், எல்லாப் பெண்களும் ஓடினார்கள், ஓட ஓட அவரவர் குரல் அவரவருக்குத் திரும்பி வந்தது. வார்டில் அன்றைக்குக் காய்ச்சல்காரிகூட எழுந்து உட்கார்ந்து சிரித்தாள்.

மீமிசலில் மீன் இறக்குகிற இடத்தில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடந்தாளே, அவள் மட்டும்தான் கேட்டாள், "படம் எங்க நர்சம்மா?" எழுத்துத் தெரியாதவர்களுக்குப் படம்தான் சாட்சி. ஒவ்வொரு வாரமும் நீ பத்திரிகையைத் திருப்பிக் கட்டில் கட்டிலாகக் காட்டுவாய். அன்றைக்கு, "மழைல்ல, இந்த வாரம் படம் போடல" என்றாய். மழைக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! நாம் தங்கியிருந்த ரூமுக்கு வந்ததும் கத்தினேன். அச்சில் இல்லாததை வாசிக்க நீ யார், எழுதுகிறவனுக்குத் தெரியாதா உனக்குத் தெரியுமா என்றெல்லாம் கேட்டேன். நீ தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தாய். அடுத்த வாரம் இரண்டு பத்திரிகையும் சேர்ந்து வந்தன. பிரித்தால், செங்கமலம் கதவைத் திறக்கவே இல்லை. சாவியைப் பூட்டுவரை கொண்டுபோனாள், கொஞ்ச நேரம் நின்றாள், திரும்பிப் போய் அவன் இடுப்பிலேயே செருகிவிட்டாள். ஏன் என்று எழுதியவன் ஒரு வரி சொல்லவில்லை. "போன வாரம் தொறந்தாளே!" என்று வார்டு முழுக்க ஒரே கூப்பாடு. நீ அசராமல், "அது அவ கண்ட கனவுங்க" என்றாய். மீமிசல்காரி உன்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் மூலையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

அதற்கப்புறம் எத்தனை வாரம் அந்த ஒரே பேச்சு! செங்கமலம் ஏன் சாவியைத் திருப்பி வைத்தாள்? அவன் பாதி விழித்திருந்திருப்பான், அது அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றாள் ஒருத்தி. சோறு போடுகிறவனை விட்டு எங்கிட்டுப் போவாள் என்றாள் மீமிசல்காரி. நான் விடவே இல்லை, அவள் கோழை, கையில் கிடைத்ததைக் கெடுத்துக்கொண்ட மடச்சி என்றேன். கதவைத் திறந்துவிட்ட நீ என் கட்சியில் இருப்பாய் என்று பார்த்தால், நீ மட்டும் வாயே திறக்கவில்லை. ஒருநாள் வெந்நீரிலிருந்து ஊசிகளை எடுத்து அடுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னாய்.

"தொறந்தா வெளியில அவளுக்குன்னு யாரு இருக்கா? எல்லாப் பொண்ணுகளுக்கும் வீடு இருக்கு. இவ எங்க போயி நிப்பா?"

கதையைக் கதையாகப் பாருடி என்று உன் வாயை அடைத்தேன். நீ கிறிஸ்துமஸுக்குப் போன வேகத்தில் திரும்பி வந்தது எனக்கு அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. அன்றைக்கு உன்னோடு வாதாடுகிற சந்தோஷமே பெரிதாக இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமைப் பேச்சு அடுத்த வெள்ளிக்கிழமைவரை காணும். சோறு அள்ளும்போதும் செங்கமலம், துணி காயப்போடும்போதும் செங்கமலம்.

மழைக்காலம் போனதும் உனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் உன் இருதயத்தில் விட்டுப்போன கோளாறு. நர்சிடம் நோயை ஒளிக்க முடியுமா? உன் கால் வீக்கத்தை நீயே விரலால் அழுத்திப் பார்த்து, குழி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பாய். வார்டுக் கோடியில் இருந்த சின்ன அறையில் உன்னைப் படுக்கவைத்தார்கள். படுக்க எங்கே முடிந்தது, தலையணைகளை அண்டக் கொடுத்து உட்காரவைத்தோம். பத்திரிகையைத் தூக்கிப் பிடிக்கக் கையில் வலுவில்லை. வார்டுக்கு வாசிக்கிற வேலை என்னிடம் வந்தது. அங்கே முடித்ததும் உன் அறைக்கு வந்து உனக்குத் தனியாக வாசிப்பேன். "பால் கணக்கு வாசிக்கிற மாதிரி வாசிக்கிற" என்பாய்.

அந்த வெள்ளிக்கிழமையும் முதலில் வார்டில்தான் வாசித்தேன். மந்திரவாதிக்குச் சாவி விஷயம் தெரிந்துவிட்டது. செங்கமலத்தைக் கதவுப் பக்கத்திலேயே கல்தூணாக்கிவிட்டான். படமும் போட்டிருந்தான், பாவி, கல்லாய்ப் போன கை ஒன்று சாவிக்கு நீண்டிருந்தது. படத்தைக் கட்டில் கட்டிலாகக் காட்டினேன். காட்டக் காட்ட அழுதார்கள். நீ இருக்கிற நிலைமையில் இதை எப்படி உன்னிடம் வாசிப்பேன்? யாரும் உன் காதில் போட்டுவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டு வந்தேன். உன் அறை வாசலிலேயே நின்றுவிட்டேன். அச்சில் இருப்பதற்குமேல் ஒரு சொல் சேர்க்காதவள் நான். எனக்குப் புளுகத் தெரியாது.

அந்தக் கல்தூண் பக்கத்தையே விரித்து வைத்துக்கொண்டு தொடங்கினேன். மறுபடி அமாவாசை வந்தது என்றேன். செங்கமலம் சாவியை எடுத்தாள், கதவு திறந்தது என்றேன். அப்புறம் என்ன சொல்வது? திறந்தால் உன் கேள்வி அங்கே நிற்கிறது, வெளியில் அவளுக்கென்று யார் இருக்கிறார்கள் என்று. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. வெளியே வெயில் அடித்தது, வெயிலில் ஒருத்தி இவளுக்காக உட்கார்ந்திருந்தாள் என்று வாசித்தேன்.

நீ கண்ணைத் திறந்தாய். "படம் போட்டிருக்கா?"

"போட்டிருக்கு" என்றேன்.

"என்ன படம்?"

"கதவு. கதவுக்கு வெளியில ஒருத்தி உக்காந்திருக்கா."

காட்டு என்று நீ கேட்கவில்லை. கொஞ்ச நேரம் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாய். அப்புறம், "வார்டுல அழுத சத்தம் கேட்டுச்சுடி" என்றாய். நான் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்கவில்லை. எடுத்தால் நானும் அழுதுவிடுவேன்.

"பரவால்ல, நல்லாத்தான் இருக்கு" என்றாய். "ஆனா அவ ஏன் உக்காந்திருக்கா? நிக்கச் சொல்லு. கதவு தொறக்கையில ஒடனே கண்ணுல படணும்ல. இல்லாட்டி யாருமில்லன்னு நெனச்சு இவ திரும்பி உள்ள போயிருவா."

"சரி, நிக்கிறா" என்றேன்.

"ரொம்ப நேரமாவா?"

"ரொம்ப நேரமா."

அதற்குச் சிரித்தாய். சிரித்ததில் இருமல் வந்து, தலையணையைச் சரிசெய்யவேண்டியதாயிற்று. அடுத்த பத்திரிகை வருவதற்குள் நீ போய்விட்டாய்.

கல்லறைத் தோட்டத்துக்கு உன் சித்தப்பா வீட்டார் வந்திருந்தார்கள். என்னைக் காட்டி யாரென்று கேட்டார்கள். கூட வேலை பார்த்தவங்க என்று யாரோ சொன்னார்கள். அது சரிதான், தப்பில்லை. தள்ளி நின்று ஒரு பிடி மண் போட்டுவிட்டு டியூட்டிக்கு வந்துவிட்டேன்.

தொடர்கதை அப்புறமும் பல வாரம் ஓடியது. எங்கிருந்தோ ஒரு இளவரசன் வந்தான், மந்திரவாதி செத்தான், கல்யாணம் நடந்தது. கல்தூணைப் பற்றி எழுதியவனுக்கு ஞாபகமே இல்லை. மாவுக்கட்டுப் பிரித்து வீட்டுக்குப் போயிருந்த மீமிசல்காரி, கடைசி வாரம் கேட்பதற்காகவே பஸ் ஏறி வந்தாள். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தக் கல்லு என்னாச்சு நர்சம்மா?" என்றாள். கல்லெல்லாம் இல்லை, அவள் வெளியே போய்விட்டாள் என்று நான் சொன்னேன். அச்சில் எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. படம் எங்கே என்றும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு என்னோடு அப்படி வாதாட யாரும் வாய்க்கவில்லை. வேலை பார்த்தேன், ரிட்டயர் ஆனேன், பென்ஷன் வருகிறது, இந்த வீட்டுச் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. எந்த நேரமும் திறக்கலாம், எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. சில நாள் செருப்பை மாட்டிக்கொண்டு கதவுவரை போவேன். நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவேன். செங்கமலத்தை மடச்சி என்று சொன்ன வாய்தான் இது. வெளியில் ஆளில்லாத கதவைத் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கு அந்த வயதிலேயே தெரிந்திருக்கிறது. எனக்கு இத்தனை காலம் ஆயிற்று.

மாடிப் பெண்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ராணி கத்தியை ஏன் கீழே போட்டாள் என்பதற்கு இன்னும் முடிவு வரவில்லை போலிருக்கிறது. வரவேண்டாம், பேசட்டும்.

எனக்கும் இப்போதெல்லாம் மூச்சு வாங்குகிறது. டாக்டர் ஏதோ சொன்னார், அதைக் கேட்டுப் பயம் வரவில்லை. அந்தக் கதவு திறந்தால் வெளியே யார் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும், நிற்கவைத்ததே நான்தான். ஆனால் உன் கால் வீக்கமும் எனக்குத் தெரியும். இத்தனை வருஷமாக நின்றுகொண்டா இருக்கிறாய்? உட்காரடி. கதவுச் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றால் போதும்.