பிளக்கை உயரமாக மாட்டுங்கள்

என்னங்க,

பிக்கப் வண்டிச் சாவியைத் தேடாதீர்கள். என் பையில் இருக்கிறது. நேற்று டிரெய்லரை இழுத்து வரும்போது சிக்னலில் பிரேக் போட்டேன். பின்னால் வந்த லாரி ஒரு முழம் தள்ளிக் கிறீச்சிட்டு நின்றது. "டிரெய்லர்ல ஒரு லைட்டும் எரியலையேம்மா!" என்று டிரைவர் கத்தினார். டிரெய்லர் லைட்டுக்குக் கரண்ட் போக, வண்டியின் பம்பருக்கு அடியில் நீங்கள் தொங்கவிட்ட பிளக் ரோட்டில் உரசி உடைந்திருக்கிறது. பாப்பா பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பம்பரில் ஓட்டை போட்டால் வண்டி அழகு கெட்டுவிடும் என்றீர்களே, கெட்டால் கெடட்டும். பிளக்கை, டிரெய்லர் மாட்டும் கொக்கிக்குப் பக்கத்தில், பம்பரிலேயே உயரமாக மாட்டுங்கள். அதுவரை சாவி தரமாட்டேன்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

பி.கு.: நேற்று வந்ததும் உங்களிடம் பேசாமல் உள்ளே போனது கோபத்தால் இல்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது.