காற்றடிக்கிற நாளில் ஐஸ்

சங்குமேடு மீனவக் குப்பம்
10.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் சௌக்கியம் என்று நேற்று போனிலேயே தெரிந்துகொண்டேன். அதற்கு அடுத்த வாக்கியத்தில்தான் சண்டை வந்தது. நீங்கள் "எப்ப வர்ற?" என்பீர்கள், நான் "வேற பேச்சே இல்லியா?" என்பேன், யாராவது ஒருவர் போனை வைத்துவிடுவோம். இந்த ஒரு விஷயத்தை மட்டும் இனிமேல் தபாலில் பேசலாம் என்ற உங்கள் யோசனை நல்ல யோசனை. கடிதத்தில் கத்த முடியாது.

காற்றாலை எழுந்து நின்றுவிட்டது. கோபுரத்தைத் தூக்கி நிறுத்தக் குப்பமே வந்து கயிறு பிடித்தது. இங்கே வருகிற மின்சாரத்துக்கு வோல்டேஜ் பத்தாது, விளக்கே அழுதுகொண்டுதான் எரியும். ஐஸ் வாங்க டவுனுக்குப் போய் வருவதற்குள் மீன் பாதி கெட்டுவிடுகிறது. அதனால் காற்றில் மின்சாரம், மின்சாரத்தில் ஐஸ். இதற்குத்தான் உங்கள் மனைவியான என்னை இன்ஜினியர் என்று அனுப்பியிருக்கிறார்கள்.

மீன் விற்கும் பெண்களுக்குத் தலைவி மாதிரி தனம் அக்கா என்று ஒருவர் இருக்கிறார். "இது சுத்துனா ஐசு கொட்டுமா தாயி?" என்று கேட்டார். கொட்டும் என்றேன். உங்களுக்கும் எழுதியே தருகிறேன்: ஐஸ் விழுந்த மறுநாள் நான் அடி அண்ணாமலைக்கு பஸ் ஏறிவிடுவேன்.

உங்கள்
சினேகா

அடி அண்ணாமலை
24.6.2024

அன்புள்ள சினேகாவுக்கு,

உன் கடிதத்தைக் கடைக் கல்லாவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். வாக்குத் தவறினால் எடுத்துக் காட்ட வசதியாக இருக்கும்.

பௌர்ணமி நல்லபடியாக முடிந்தது. கிரிவலம் வந்த கூட்டம் விடிய விடிய இட்லி கேட்டது. மாஸ்டர் இருசப்பன் சட்னியில் உப்புப் போட மறந்துவிட்டார். சாப்பிட்டவர்கள் பக்தியில் இருந்ததால் தப்பித்தோம். அம்மா, "அவ இருந்திருந்தா ருசி பாத்திருப்பா" என்றாள். சாக்கு கிடைத்தால் போதும், உன் பேச்சை எடுத்துவிடுகிறாள்.

வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் உன் படிப்புக்கு இடம் காலி இருக்கிறதாம். சொல்லி வைத்திருக்கிறேன். காலையில் போனால் சாயந்திரம் வீட்டுக்கு வந்துவிடலாம். எனக்கும் வேறென்ன ஆசை இருக்கிறது? கடையை மூடிவிட்டு வரும்போது வீட்டில் நீ இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

உன் வளவன்

சங்குமேடு
9.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஐஸ் விழுந்துவிட்டது. அவசரப்பட்டு பஸ் நிலையத்துக்கு வந்து நிற்காதீர்கள், முழுக்கப் படியுங்கள்.

கச்சான் என்று இங்கே சொல்லும் தென்மேற்குக் காற்று பிய்த்து உதறியது. காற்றாலை சுற்றிய சுற்றில் ஐஸ் குவிந்துவிட்டது. குப்பமே கைதட்டியது. அப்புறம் எல்லோரும் கரையில் வரிசையாகக் கட்டிக் கிடந்த படகுகளைப் பார்த்தார்கள். அந்தக் காற்றில் எவன் கடலுக்குப் போவான்? ஐஸை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு சர்பத் போட்டுக் கொடுத்தோம்.

காற்று அடங்கிய பிறகு படகுகள் போயின. மீன் கூடை கூடையாக வந்தது. காற்றாலை அசையாமல் நின்று வேடிக்கை பார்த்தது. தனம் அக்கா மீன் கூடையை என் காலடியில் வைத்துவிட்டு, "மீனு இல்லாத நாளையில ஐசு, ஐசு இல்லாத நாளையில மீனு. இதுக்குத்தான் படிச்சியா தாயி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அறைக்கு வந்த பிறகு சிரிக்க முடியவில்லை. காற்றடித்தால் படகு போகாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். திட்டம் போட்ட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இவர்களை இப்படி நட்டாற்றில் விட்டுவிட்டு என்னால் வர முடியாது மாமா. கோபப்படாதீர்கள்.

சினேகா

அடி அண்ணாமலை
24.7.2024

அன்புள்ள சினேகாவுக்கு,

ஐஸ் விழுந்தால் வருவேன் என்றுதான் எழுதியிருக்கிறாய். மீன் மேல் விழுந்தால் வருவேன் என்று எழுதவில்லை. கல்லாவிலிருந்து எடுத்து இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டேன்.

எனக்கும் இந்தப் பௌர்ணமி சோதனையாகத்தான் போயிற்று. உனக்கே தெரியும், பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். தண்ணீர் லாரி வராது. ஆளில்லாத நாட்களிலேயே தொட்டி, டிரம், அண்டா எல்லாவற்றையும் நிரப்பி வைத்துவிட வேண்டும். நீ இருந்தால் நினைவாகச் செய்வாய். நான் கோட்டை விட்டேன். நடுக் கூட்டத்தில் தண்ணீர் தீர்ந்து, பக்கத்துக் கடையில் கெஞ்சி வாங்கினேன். "தண்ணி வர்ற அன்னிக்குப் புடிச்சு வெக்காம, வராத அன்னிக்கு வானத்தப் பாத்தா ஆச்சா?" என்று அம்மா ஊர் கேட்கத் திட்டினாள்.

நீ இல்லாமல் ஒன்றும் சரியாக நடப்பதில்லை என்று சொல்லத்தான் இதையெல்லாம் எழுதினேன். வேங்கிக்காலில் மறுபடியும் கேட்டார்கள். என்ன சொல்லட்டும்?

வளவன்

சங்குமேடு
14.8.2024

அன்புள்ள மாமாவுக்கும், என்னைக் காப்பாற்றிய அத்தைக்கும்,

அத்தை திட்டியதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். காற்று வருகிற நாளில் பிடித்து வைக்க வேண்டும். ஐஸைப் பிடித்து வைத்தால் உருகிவிடும். தண்ணீர் உருகாது.

இங்கே கிணற்றுத் தண்ணீர் ஒரே உப்பு. குடிக்கிற தண்ணீருக்குப் பெண்கள் குடங்களோடு ரோட்டில் லாரிக்காகக் காத்துக் கிடக்கிறார்கள். யாரோ எப்போதோ கொடுத்த சுத்திகரிப்பு மிஷின் ஒன்று, வோல்டேஜ் பத்தாமல் பள்ளிக்கூடத்துப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தது. பழுது பார்த்து, காற்றாலை மின்சாரத்தை அதற்குத் திருப்பினோம். கச்சான் அடித்தது, படகுகள் கரையில் கிடந்தன, தொட்டி நிரம்பி வழிந்தது. காற்று நின்ற பிறகும் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. தனம் அக்கா ஒரு சொம்பு குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டார். அது போதும் எனக்கு.

இனிமேல்தான் கஷ்டமான செய்தி. இதே மாதிரி இன்னும் மூன்று குப்பங்களில் செய்யச் சொல்கிறார்கள். இரண்டு வருஷம் ஆகும். நான் கேட்டுப் போகவில்லை, அவர்களாகவே கூப்பிட்டார்கள். செப்டம்பரில் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் வேண்டாம் என்றால் வந்துவிடுகிறேன். ஆனால் சந்தோஷமாக வருகிறேன் என்று மட்டும் என்னால் பொய் எழுத முடியாது.

ஒரு தடவை நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

சினேகா

அடி அண்ணாமலை
28.8.2024

அன்புள்ள சினேகாவுக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். தனம் அக்கா கட்டிக் கொடுத்த கருவாட்டு வாசனையில் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்கு யாரும் வரவில்லை. காலை நீட்டிக்கொண்டு வந்தேன்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவன் நான்தான். தண்ணீர்த் தொட்டிக் கதையை எழுதாமல் இருந்திருந்தால் நீ எப்போதோ வந்திருப்பாய். இதை நினைத்து வழியெல்லாம் சிரித்தேன், கொஞ்சம் வயிற்றெரிச்சலோடுதான்.

உன்னிடம் நேரில் சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் வந்து இறங்கியபோது நீ காற்றாலைக் கோபுரத்தின் அடியில் ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தாய். முகமெல்லாம் கிரீஸ். பெண்கள் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு உன்னை வம்புக்கு இழுத்தார்கள், நீயும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். கல்யாணமான புதிதில் அப்படித்தான் பேசுவாய். அப்போது தனம் அக்கா என்னிடம் வந்து, "எங்க பிள்ளையக் கூட்டிட்டுப் போக வந்தியளா?" என்று கேட்டார். வீட்டிலிருந்து கிளம்பும்போதே அதற்குத்தான் கிளம்பினேன். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இல்லீங்க, தண்ணி குடிச்சுட்டுப் போலாம்னு வந்தேன்" என்று வந்துவிட்டது. அவர் கொண்டுவந்த சொம்பை அப்படியே நின்று குடித்து முடித்தேன்.

நீ அந்த வேலையை ஒப்புக்கொள். வேங்கிக்காலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். வருத்தம்தான். ஆனால் உன்னை இங்கே உட்கார வைத்துவிட்டு, அந்த முகத்தைத் தேடிக்கொண்டு நான் இருக்கமாட்டேன். எப்போது வருவாய் என்று இனி கேட்கமாட்டேன். அமாவாசைக்குக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். இருசப்பன் பார்த்துக்கொள்வார். நான் வரட்டுமா?

உன் வளவன்

சங்குமேடு
7.9.2024

என் மாமாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். தனம் அக்கா பயந்துபோய், "ஊருல யாருக்கும் ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார். ஒன்றுமில்லை, என் வீட்டுக்காரர் நல்லவர் என்றேன். "அதுக்குப் போயா அழுவுற?" என்று திட்டிவிட்டுப் போனார்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வருகிற அமாவாசைக்கு அத்தையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இட்லி மாவை அங்கிருந்து தூக்கிக்கொண்டு வரவேண்டாம். அரிசியும் உளுந்தும் நான் இங்கேயே ஊறப் போடுகிறேன். தண்ணீர் நல்ல தண்ணீர்.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
சினேகா