விடுதிக்காரன் பூமிக்குள் விட்டது

பாய், இன்று காலை பக்கத்து மனையில் ஆழ்துளைக் கிணற்றுப் போர் போடும் வண்டி வந்து நின்றது. வெள்ளைக் கல்பொடி என் சோற்றுத் தட்டுவரை பறந்து வந்தது. உங்கள் நினைப்பு வந்தது. எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

கிழக்குக் கடற்கரைச் சாலை போட்ட புதிது. திருவிடந்தையில் அந்த விடுதிக்கு உங்கள் வண்டிதான் போர் போட்டது; துளையிடும் கம்பி மாட்டிக் கொடுத்தது நான். பாறைக்குள் இறங்கிக்கொண்டிருந்த கம்பி திடீரென்று தொபுக்கென்று இறங்கியது. கம்ப்ரசர் காற்றில் மேலே வந்த பொடி நின்றுபோனது. அதே நேரம் சற்றுத் தள்ளி உங்கள் தெருவின் பொதுப் போர் புஸ்ஸென்று சீற, குடத்தோடு நின்ற பெண்கள் சிதறி ஓடினார்கள்.

"பாறை வெடிப்பு அண்ணாத்த. நம்ம காத்து அது வழியா தெருவுக்குப் போய்க்கினு கீது. ரெண்டுக்கும் ஒரே தண்ணிதான்" என்றீர்கள்.

சில வருடம் அதில் தண்ணீர் எடுத்தான் விடுதிக்காரன். அறைகள் பெருகியதும் வேறு மூலையில் புதுப் போர் போட்டுக்கொண்டான். பழையதில் கக்கூஸ் குழாயைச் சொருகிவிட்டான், த்தூ! கழிவுத் தொட்டி கட்டினால் இடம் வீணாம்.

தெருத் தண்ணீர் நாறியது. உங்கள் பேத்தி வாந்தியும் பேதியுமாகச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நாம் போய்க் கேட்டபோது, அவன் வறுத்த மீனின் முள்ளைத் துப்பிக்கொண்டே சொன்னான்: "இன்னா பாய், பூமிக்குள்ள பூந்து பாத்துட்டு வந்தியா? ஒன் தெரு எங்க கீது, என் கக்கூஸ் எங்க கீது?"

மறுநாள் வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்தீர்கள். பொதுப் போரின் வாயை இறுக்கி மூடி, கம்ப்ரசர் காற்றை உள்ளே விட்டீர்கள். கொஞ்ச நேரந்தான். விடுதியின் கீழ்த்தளத்துக் கக்கூஸ்கள் எல்லாம் கூரைக்குக் கக்கின. துண்டோடு ஓடிவந்த அறைக்காரர்களுக்கு முன்னால், வெள்ளைச் சட்டையெல்லாம் வழிய, அவன் ஓடிவந்தான்.

"நிறுத்து பாய்! நிறுத்து!"

"வழி தெரிஞ்சிதா மச்சான்?" என்றீர்கள்.

நான் சிரித்தேன். நீங்கள், பேத்தி குடித்தது இதைத்தானே என்று ஓரமாகப் போய் வாந்தி எடுத்தீர்கள்.

அன்றே குழாயைப் பிடுங்கினான். பேத்தி பிழைத்தாள். தெருப் போரை மட்டும் எத்தனை இறைத்தும் நாற்றம் விடவில்லை. கடைசியில் நீங்களே சிமெண்டைக் கொட்டி அதன் வாயை அடைத்தீர்கள்.

இப்போதெல்லாம் யார் தண்ணீர் கொடுத்தாலும் மோந்து பார்த்துத்தான் குடிக்கிறேன். கூடுவாஞ்சேரியில் மகள் வீட்டிலும் அப்படித்தான். "இன்னா நைனா, எங்க வூட்டுத் தண்ணியையுமா?" என்று முகத்தைச் சுளிக்கிறாள். சுளிக்கட்டும். அது எந்த வெடிப்பு வழியாக, யார் வீட்டைத் தொட்டு வருகிறதென்று கேட்க எனக்கு நீங்கள் உயிரோடு இல்லையே, பாய்.